வண்ணம் வந்த ஆண்டு: இந்தியத் தொலைக்காட்சியில் 1982

ஒரு நாட்டின் ஒலிபரப்பு வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எண்களைக் கொண்டே அதனை அளப்பர். இத்தனை நிலையங்கள், இத்தனை கோபுரங்கள், இத்தனை பெட்டிகள் என்று பட்டியலிட்டு முடித்தால் வரலாறும் முடிந்துவிட்டதாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒளியும் ஒலியும் ஓரிடத்திற் சென்று விழுவது வேறு. அவ்விடத்து மக்கள் அவற்றைப் பொருளுணர்ந்து தமதாக ஏற்பது வேறு. மழை பெய்த பரப்பைக் கொண்டே விளைச்சலைக் கணக்கிட முயல்பவனை எந்த உழவனும் மதிக்கமாட்டான். எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எந்த விதை விதைத்திருந்தபோது பெய்தது என்று கேட்பதே அறிவுடைமை.

இந்தியத் தொலைக்காட்சியின் வரலாற்றில் 1982ஆம் ஆண்டினைப் பொன்னெழுத்துகளாற் பொறிப்போர் பலர். அவ்வாண்டிலேதான் கறுப்பு வெள்ளையாக இருந்த திரை வண்ணம் பெற்றது. தனித்தனித் தீவுகள்போற் கிடந்த நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. நாடு முழுவதற்கும் பொதுவான நிகழ்ச்சி தொடங்கிற்று. இவை யாவும் உண்மையே. எனினும் அவ்வாண்டின் மாற்றங்களுள் மிகப் பெரியது வண்ணமன்று. தொலைக்காட்சி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசை நோக்கிப் பேசவேண்டும் என்னும் அடிப்படையே அவ்வாண்டில் மாறிற்று. அம்மாற்றத்தைத் தமிழ் நோக்கில் ஆராய்வது, மொழி கற்பிப்போர்க்கும் மொழிமீது பற்றுடையோர்க்கும் பயன்தருவதாகும்.

முதல் நோக்கம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொடங்கியபோது அது பொழுதுபோக்குக்கென வந்த பொருளாகக் கருதப்படவில்லை. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகமாகிய யுனெஸ்கோவின் உதவியோடு, வாரத்தில் சில மணி நேரமே நடைபெற்ற சோதனை முயற்சி அது. பலர் கூடியிருந்து பார்த்துப் பின்னர் கலந்துரையாடுவதற்கென மன்றங்கள் அமைக்கப்பட்டன. 1961இல் பள்ளிகளுக்கான பாடங்கள் வந்தன. 1967 சனவரி 26ஆம் நாள், டில்லியை அடுத்த சிற்றூர்களின் உழவர்க்கென ‘கிருஷி தர்ஷன்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. நாள்தோறும் ஒளிபரப்பு என்பதே 1965இல்தான் வந்தது. வளர்ச்சி மெல்ல நடந்தது; ஆயினும் பாதை தெளிவாக இருந்தது.

அப்பாதையின் சிகரம் 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையாகும். விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. 1971இல் மறைந்துவிட்ட அவர், அது நனவானதைக் காணவில்லை. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவலாகப் பெற்று, ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையாற் செய்த, பத்தடி அகலமுள்ள வாங்கிகள் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் அருகே நிறுத்தப்பட்டன. மின்விளக்கே காணாத ஊர்களிலும் மின்கலத்தின் துணையால் திரை ஒளிர்ந்தது.

இச்சோதனையில் மொழி நோக்குடையோர் தனித்துக் கருதவேண்டிய கூறு ஒன்று உண்டு. அந்தச் செயற்கைக்கோள் ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களைச் சுமந்துசெல்ல வல்லதாயிருந்தது. ஒரே படத்தைத் தெலுங்கர் தெலுங்கிலும் கன்னடர் கன்னடத்திலும் கேட்க அது வழி செய்தது. ‘தொழில்நுட்பம் ஒரு மொழிக்கே இடந்தரும், பல மொழி என்றால் பணமும் கருவியும் போதா’ என்று பிற்காலத்தார் சிலர் கூறியது எத்துணைப் பொருந்தும் என்பதற்கு இந்த இரு ஒலித்தடமே விடை. நாட்டிடம் சொந்த ஒளிபரப்புச் செயற்கைக்கோள் இல்லாத காலத்திலேயே, இரவல் வாங்கிய கருவியைக் கொண்டே, இரு மொழியார்க்கு இடந்தர முடிந்தது.

நான்கு திங்களின் நிகழ்ச்சிகள்

இனி 1982க்கு வருவோம். அவ்வாண்டில் நான்கு திங்களைக் குறித்துக்கொண்டால் கதை முழுதும் விளங்கும்.

முதலாவது ஏப்ரல். அத்திங்கள் 10ஆம் நாள் இந்தியாவின் இன்சாட்-1ஏ என்னும் செயற்கைக்கோள் அமெரிக்க மண்ணிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அதே திங்களில் சத்யஜித் ராய் எடுத்த ‘சத்கதி’ என்னும் படம் வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. இதில் ஓர் ஆழ்ந்த முரண் அடங்கியிருக்கிறது. பிரேம்சந்தின் சிறுகதையை ஒட்டிய அப்படம், தீண்டாமைக் கொடுமைக்கு இரையாகி விறகு பிளந்தவாறே உயிர்விடும் ஓர் ஏழையைப் பற்றியது. வண்ணத் திரையின் வாயிலில் முதலில் வந்து நின்றவன் அந்த ஏழை. அவனைப் போன்றோர் வீட்டில் வண்ணப்பெட்டி இருந்திருக்க இயலாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது ஆகஸ்டு. 15ஆம் நாள் விடுதலை விழாவன்று செங்கோட்டை நிகழ்ச்சிகள் வண்ணத்தில் நாடெங்கும் சென்றன. டில்லியிலிருந்து புறப்பட்டு எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் தோன்றும் தேசிய நிகழ்ச்சியும் அன்று தொடங்கியது. மூன்றாவது செப்டம்பர். எதிர்பார்ப்போடு ஏவப்பட்ட இன்சாட்-1ஏ, தன் நிலையைத் திருத்திக்கொள்ளும் எரிபொருள் தீர்ந்து, அத்திங்கள் 6ஆம் நாள் செயலற்றுப்போனது. பிறந்து ஐந்து திங்களுக்குள் விளக்கு அணைந்தது. இணைப்பு அறுபடாதிருக்க வெளியார் செயற்கைக்கோளின் துணையை நாடவேண்டியதாயிற்று.

நான்காவது நவம்பர். 19ஆம் நாள் முதல் டிசம்பர் 4 வரை டில்லியில் ஒன்பதாம் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றின் சின்னம் ‘அப்பு’ என்னும் யானைக்குட்டி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கு மணியோசையாக முன்வந்தது வண்ணத் தொலைக்காட்சி. போட்டிகளை உலகுக்கு வண்ணத்தில் காட்டவேண்டும் என்னும் அவாவே, பல ஆண்டுகளாக இழுபறியில் இருந்த திட்டங்களைச் சில திங்களுக்குள் முடித்துவைத்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே வண்ணத்திற்காக வாதாடியோருள் முன்னின்றவர். பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதில் இருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. போட்டிகளையொட்டிச் சிற்றாற்றல் கொண்ட 20 ஒளிபரப்பிகள் பல ஊர்களில் நிறுவப்பட்டன.

கிளிப்பிள்ளைக் கோபுரங்கள்

இந்தச் சிற்றாற்றல் ஒளிபரப்பி என்னும் கருவியை விளங்கிக்கொண்டால், 1982இன் மாற்றத்திற்குரிய காரணம் முழுவதும் விளங்கிவிடும். அதற்கு நிகழ்ச்சி தயாரிக்கும் கூடம் இல்லை. படப்பிடிப்புக் கருவி இல்லை, அறிவிப்பாளர் இல்லை, எழுத்தாளர் இல்லை. விண்ணிலிருந்து வருவதை வாங்கி, சுற்றியுள்ள சில கல் தொலைவுக்கு அப்படியே திருப்பி அனுப்புவதே அதன் வேலை. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை அது. விண்ணிலிருந்து வருவது டில்லியின் குரலாக இருக்கும்வரை, எந்த ஊரில் எந்த மொழி வழங்கினும், அந்தக் கோபுரம் பேசுவது டில்லியின் மொழியாகவே இருக்கும்.

இவ்வகைக் கோபுரம் மலிவானது, விரைவில் நிறுவத்தக்கது. ஆதலால் அரசு இதனையே பெரிதும் விரும்பிற்று. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி நன்கு இயங்கியபின், 1984இல் நாளுக்கு ஒன்று என்னும் வேகத்தில் கோபுரங்கள் எழுந்தன. உலகில் வேறெங்கும் காணாத விரைவு என்று அது புகழப்பட்டது. புகழ்ச்சி பொருத்தமே. ஆயினும் நூறு ஊர்களில் நூறு மேடைகள் கட்டி, அவற்றுள் ஒன்றிலும் உள்ளூரார் ஏறிப் பேச இடமில்லை என்றால், அங்கே மேடை பெருகிற்று என்பதைவிட அவை பெருகிற்று என்பதே சரியாகும். கேட்போர் தொகை வளர்ந்தது. பேசுவோர் தொகை வளரவில்லை.

1975இன் சோதனையோடு இதனை ஒப்பிட்டால் திசைமாற்றம் புலப்படும். அன்று சிற்றூரின் தேவை எது என்று முதலில் கேட்டு, அதற்கேற்ப நிகழ்ச்சி செய்து, அவ்வூரார் மொழியில் அனுப்பினர். குசராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்னும் ஊரில் அமைந்த சிறு நிலையம், ஊர் மக்களையே கதைமாந்தராக்கி, அவர்கள் சிக்கல்களையே நாடகமாக்கி நிகழ்ச்சிகள் வழங்கியது. 1984இல் யுனெஸ்கோவின் ஊரகத் தொடர்புக்கான பரிசு அம்முயற்சிக்குக் கிடைத்தது. 1982இன் பாதையோ இதற்கு நேர்மாறானது. அதில் ஊர், தலைநகரின் காட்சியைக் கண்டு களிக்க அழைக்கப்பட்டது.

மொழியின் முறையீடு

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. நாடகம், இசை, திரைப்பாடல்களைத் தொகுத்தளித்த ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலைத் திரைப்படம் என அது தமிழ் வீடுகளில் இடம்பிடித்தது. தேசிய நிகழ்ச்சி வந்தபின், குடும்பத்தார் உணவு முடித்து ஒன்றாய் அமரும் இரவு நேரம் டில்லிக்கு உரியதாயிற்று. இந்திச் செய்தியும் ஆங்கிலச் செய்தியும் இந்தி நிகழ்ச்சிகளும் அந்நேரத்தை நிறைத்தன. மாநில மொழி மாலைப் பொழுதுக்குள் ஒதுங்கவேண்டியதாயிற்று. வீட்டின் நடுக்கூடத்தில் விருந்தினரும் திண்ணையில் வீட்டுக்காரரும் அமர்ந்தது போன்ற நிலை அது.

இதனைச் சிறு குறை என்று ஒதுக்குதல் தகாது. 1965இல் ஆட்சிமொழிச் சிக்கலால் தமிழகத்தில் மூண்ட கிளர்ச்சியின் நினைவு மறையாத காலம் அது. பள்ளிப் பாடத்தில் ஏற்க மறுத்ததை வீட்டுக் கூடத்தில் ஏற்கச் சொல்வதாகவே பலர்க்குத் தோன்றிற்று. அரசியலை விடுத்து மொழியியல் நோக்கில் பார்த்தாலும் இழப்புப் பெரிது. ஒரு புதிய ஊடகம் பிறக்கும்போது அதற்கென ஒரு புதிய உரைநடையும் பிறத்தல் வேண்டும். செய்தி படிக்கும் தமிழ், விளையாட்டை வருணிக்கும் தமிழ், விண்வெளியை விளக்கும் தமிழ், நேர்காணலில் வினவும் தமிழ் ஆகியவை நாள்தோறும் பயின்றாலன்றி முதிரா. வானொலி அத்தகைய தமிழை நெடுங்காலம் பயிற்றி வளர்த்தது. ஆசியப் போட்டிகள் போன்ற பெருநிகழ்ச்சி தமிழ்த் தொலைக்காட்சி உரைநடைக்கு நல்லதொரு பயிற்சிக்களமாக இருந்திருக்கும். ஓட்டப்பந்தயத்தில் தங்கம் வென்ற எம். டி. வல்சம்மாவின் ஓட்டத்தை அவரவர் தாய்மொழியில் வருணிக்கக் கேட்டிருந்தால், விளையாட்டுச் சொற்கள் எத்தனை மக்கள் நாவில் ஏறியிருக்கும்! அந்த வாய்ப்பு நழுவியது.

மறுப்பும் விடையும்

தேசிய நிகழ்ச்சிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் வலுவற்றவை அல்ல. பல மொழி வழங்கும் பெருநாட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றைக் காண்பது ஒருமையுணர்வை வளர்க்கும் என்பது முதலாவது வாதம். கதகளியை வங்காளியும், பரதத்தைப் பஞ்சாபியும், மணிப்புரி ஆடலைத் தமிழனும் தம் வீட்டிலிருந்தே காணும் பேறு அதற்குமுன் வாய்த்ததில்லை. இசையும் ஆடலும் மொழிவேலியைத் தாண்டுவன. அவ்வகையில் தேசிய நிகழ்ச்சி ஆற்றிய தொண்டு மதிக்கத்தக்கது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. 1987இல் தொடங்கிய ‘இராமாயணம்’ தொடர் இந்தியில் அமைந்தும் தமிழகத்தில் பல்லாயிரம் வீடுகளில் விரும்பிப் பார்க்கப்பட்டது. அவ்வாறாயின் மொழி எங்ஙனம் தடையாகும் என்று கேட்பர். இதற்குரிய விடை அக்கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இராமன் கதையைக் கம்பனிடமும் பாட்டியிடமும் கேட்டு வளர்ந்தவனுக்குத் திரையில் யார் யார் என்று சொல்லித்தர வேண்டுவதில்லை. அவன் தமிழில் அறிந்திருந்த கதைக்கு இந்தி படமாக அமைந்தது, அவ்வளவே. அறிந்ததைக் காண மொழி தடையன்று. அறியாததை அறிய முனையும்போதுதான் மொழி தடையாகிறது. உரத்தின் அளவையும் நோய்த்தடுப்பின் தேவையையும் சட்டத்தின் உரிமையையும் ஒருவன் முன்னறிந்த கதையாகக் கொண்டிருப்பதில்லை. கல்விக்கென வந்த கருவி கல்விக்கு வேண்டிய மொழியை இழந்ததே 1982இன் குறை என்பதை இவ்வாதம் மறுக்கவில்லை, மெய்ப்பிக்கிறது.

மூன்றாவதாகப் பொருளியல் காரணம் ஒன்றும் உண்டு. அது வெளிப்படையாகச் சொல்லப்படுவது குறைவு. 1976 முதல் இந்தியத் தொலைக்காட்சி விளம்பரங்களை ஏற்றது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே திரையைப் பார்க்கும் கூட்டம், பொருள் விற்பார்க்குக் கிடைத்தற்கரிய சந்தை. 1984 சூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’ என்னும் தொடர்நாடகம் குடும்பநலக் கருத்துகளைப் பரப்பும் நோக்குடன் புறப்பட்டது. அதனைத் தாங்கி நின்றதோ நூடுல்ஸ் விற்கும் நிறுவனம். தொடரின் அறிவுரை எத்துணைப் பேர் மனத்திற் பதிந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது. நூடுல்ஸ் வீடுகளிற் புகுந்தது யாவரும் அறிந்தது. பொது மொழி என்று பேசப்பட்டது, காலப்போக்கில் சந்தையின் மொழியாகவும் ஆயிற்று.

ஒரு குழுவின் தீர்ப்பு

இக்குறைகளை வெளியார் மட்டுமே கண்டனர் என்று எண்ணிவிடலாகாது. 1982 டிசம்பரில், ஆசியப் போட்டிகள் முடிந்த கையோடு, நிகழ்ச்சிகளின் தன்மையை ஆராய அறிஞர் பி. சி. ஜோஷி தலைமையில் அரசே ஒரு குழுவை அமைத்தது. ‘தொலைக்காட்சிக்கு ஓர் இந்திய ஆளுமை’ என்று பொருள்படும் தலைப்போடு அக்குழு அளித்த அறிக்கை, கருவிப் பெருக்கத்தில் காட்டிய ஊக்கம் நிகழ்ச்சி ஆக்கத்தில் காட்டப்படவில்லை என்பதை எடுத்துரைத்தது. டில்லியை நடுவாக வைத்தே நாட்டைக் காணும் போக்கையும் அது கண்டித்தது; உள்ளூர் வாழ்வையும் மொழியையும் ஒட்டிய நிகழ்ச்சிகளை வற்புறுத்திற்று. பந்தலும் விளக்கும் பெரிதாக அமைந்தன, பாடகரைத் தேடியவர் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம் எனலாம்.

அந்த அறிக்கை நல்ல தமிழாசிரியர் ஒருவரின் திருத்தக் குறிப்பைப்போல் அமைந்தும், திருத்தப்படவேண்டியவர் அதனை முழுதும் படித்ததாகத் தெரியவில்லை. கோபுரங்கள் தொடர்ந்து எழுந்தன. நிகழ்ச்சிக் கூடங்கள் அவ்வேகத்தில் எழவில்லை.

கடல் கடந்த ஒப்பீடு

அதே 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், சப்பானிய உதவியுடன் இலங்கையில் ரூபவாகினி தொடங்கப்பட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் அது ஒளிபரப்பிற்று. சிங்களமே மேலோங்கியிருந்தது உண்மை. ஆயினும் கடலின் இக்கரையில், தமிழகத்தின் தென்கோடி மாவட்டங்களில், நெடிய கம்பங்களில் அலைவாங்கிகளைக் கட்டி ரூபவாகினியைப் பார்த்த வீடுகள் பல. தம் நாட்டுத் தலைநகரின் குரல் விண்வழி வந்தும் நிறைவு தராதபோது, அயல்நாட்டுத் திரையில் வரும் சிறிது தமிழுக்காக மக்கள் கம்பம் நட்டனர். மொழியின் ஈர்ப்பு எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் இடம் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம் ஒளிவழி வந்தபோது, சீனத்தோடு தமிழும் அதில் அமர்ந்தது. 2008 அக்டோபரில் ‘வசந்தம்’ தனி ஒளிவழியாயிற்று. சிறு தீவுக்கு எளிதானது பெருநாட்டிற்கு அரிது என்பர். 1982இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 15 மொழிகள் இருந்தன. பதினைந்துக்கும் இடந்தருவது எளிதன்று. ஆனால் அருமை என்பது அளவைக் குறைக்கும் காரணமாகலாம். எண்ணத்தையே கைவிடும் காரணமாகலாகாது.

முடிவாகக் கருதத்தக்கது

1982 விதைத்ததன் விளைவு பத்தாண்டுகளுக்குள் வெளிப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தனியார் செயற்கைக்கோள் ஒளிவழிகளுக்கு வானம் திறந்தது. 1993 ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. தமிழ் வீடுகள் விரைந்து அதன்பாற் சென்றன. அரசுத் தொலைக்காட்சி தமிழுக்கு முழுநேர இடந்தந்து, 2000இல் ‘பொதிகை’ என்று பெயர் சூட்டி, 2024 சனவரியில் ‘டிடி தமிழ்’ என்று பெயர் மாற்றியபோதும், அதற்குள் மக்கள் வேறு வாயில்வழிப் போய்விட்டிருந்தனர். இரவு நேரத்தைத் தமிழுக்குத் தர அரசு தயங்கியதால், அந்நேரம் வணிகத்தின் கைக்குப் போயிற்று. மொழி வீடு திரும்பியது. ஆனால் உழவர்க்கும் மாணவர்க்கும் என முதலிற் குறித்த நோக்கம் அதனோடு திரும்பவில்லை. பள்ளிப் பாடமும் ஊர்மன்றமும் இருந்த இடத்தில் நெடுந்தொடரும் திரைப்பாடலும் அமர்ந்தன. இவ்விரண்டாவது இழப்பு முதல் இழப்பினும் கொடிது.

வண்ணம் வந்ததையோ நாடு இணைந்ததையோ எவரும் குறைகூற வேண்டுவதில்லை. கருவியைப் பெருக்கும் நாளிலேயே அக்கருவியில் பேசுவோரையும் பெருக்கவேண்டும் என்பதே அவ்வாண்டு தரும் படிப்பினை. கணினியும் கைப்பேசியும் வகுப்பறைக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், எத்தனை மாணவர் கையில் திரை இருக்கிறது என்று எண்ணிப்பார்ப்பதோடு, அத்திரையில் எந்தப் பாடம் எந்த மொழியில் விளங்குமாறு வருகிறது என்பதையும் கேட்பது ஆசிரியர் கடன். 1975இல் இரவற் கோளின் இரண்டாம் ஒலித்தடம் அந்தக் கேள்வியைக் கேட்டது. 1982இல் சொந்தக் கோள் வந்தபோது அக்கேள்வி மறக்கப்பட்டது.